பாலர் பள்ளியும் பூர்வகுடிச் சமூகமும்: நல்லிணக்க வாரம் முடிஞ்ச பிறகு என்ன செய்றீங்க?

#1 பென்டில்ஹில்_ப்ரீஸ்கூல்

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு சிட்னியில ஒரு லாங் டே கேர் சென்டர்ல ப்ரீஸ்கூல் ரூம் பார்க்கிறேன். மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைங்க. இந்த வருஷம் ரீகன்சிலியேஷன் ஆக்‌ஷன் பிளான், அதாவது பூர்வகுடி மக்களோட நல்லிணக்கத்துக்கு சென்டர் என்ன செய்யப் போகுதுன்னு எழுதற திட்டம், அந்த வேலையை டைரக்டர் என் கையில கொடுத்துட்டாங்க. "மே மாசத்துக்குள்ள ஏதாவது ரெடி பண்ணிடு"ன்னு மட்டும்தான் சொன்னாங்க.

இதுவரைக்கும் எங்க சென்டர்ல நடந்தது இவ்வளவுதான். மே 27ல இருந்து ஜூன் 3 வரைக்கும் நல்லிணக்க வாரம். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஸ்டோர் ரூம்ல இருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டி வெளிய வரும். ரெண்டு கொடி, பூமராங் மாதிரி வெட்டின அட்டை, காது குடையற பட்ஸ், சிவப்பு மஞ்சள் கறுப்பு பெயின்ட். பிள்ளைங்க அட்டையில புள்ளி வைப்பாங்க, நாங்க போட்டோ எடுத்து பெற்றோர் ஆப்புல போடுவோம். வாரம் முடிஞ்சதும் பெட்டி உள்ள போயிடும். அப்புறம் அடுத்த மே வரைக்கும் காலையில பாய்ல உட்கார்ந்து சொல்ற அக்னாலெட்ஜ்மென்ட், அதாவது இந்த நிலத்துக்கு உரிய மக்களை மரியாதையா நினைச்சுச் சொல்ற வரிகள் மட்டும்தான். அதுவும் பிள்ளைங்க மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க. யாரைப் பத்திச் சொல்றோம்னு ஒரு பிள்ளைக்கும் தெரியல.

எனக்கு இது போதாது. இந்த மண்ணுக்கு உரிய தருக் மக்களோட எங்க சென்டருக்கு நிஜமான பழக்கம் வேணும். யார்கிட்ட போறது, எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது? எங்க ரூம்ல பூர்வகுடிக் குடும்பம் ஒண்ணுகூட இல்லை. தமிழ், தெலுங்கு, பஞ்சாபி, நேபாளி வீட்டுப் பிள்ளைங்கதான் அதிகம். கூட வேலை செய்றவங்க ரெண்டு பேர், "நாமளே பொழைக்க வந்தவங்க. வெள்ளைக்காரன் செஞ்சதுக்கு வெள்ளைக்காரன் பதில் சொல்லட்டும்"னு சொல்றாங்க. இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

#2 பிளாக்டவுன்_அக்கா

தங்கச்சி, உங்க கூட வேலை செய்றவங்க சொன்னதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். நான் எஜுகேஷனல் லீடரா இருக்கேன். புதுசா சேர்ற ஒவ்வொரு ஸ்டாஃப்கிட்டயும் முதல்ல பேசுறது இதைத்தான்.

1814 கடைசியில கவர்னர் மக்குவாரி பரமட்டாவுல ஒரு உறைவிடப் பள்ளி திறந்தார். பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகவே நடத்தின பள்ளி. ஒரு தடவை சேர்த்துட்டா ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 14 வயசு ஆகிற வரைக்கும் பெத்தவங்க திரும்பக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு விதி. 1823ல அந்தப் பள்ளி ரிச்மண்ட் ரோடு பக்கம் இடம் மாறுச்சு. பிளாக்டவுன்ங்கிற பேரே அந்த இடத்தை வச்சு வந்ததுதான். இன்னைக்கு அது ஓக்ஹர்ஸ்ட்ல வேலி போட்ட ஒரு புல்வெளி. 2018ல தருக் மக்கள்கிட்டயே திருப்பிக் கொடுத்தாங்க. உங்க சென்டர்ல இருந்து காரை எடுத்தா தூரம் ஒண்ணும் இல்லை.

அந்தப் பள்ளியில மரியான்னு ஒரு பொண்ணு படிச்சா. பூருபெரொங்கல் குலத்துத் தலைவர் யாரமுண்டியோட மகள். 1819ல காலனி முழுக்க நடந்த தேர்வுல, வெள்ளைக்காரப் பிள்ளைங்க கிட்டத்தட்ட நூறு பேர் எழுதினதுல முதல் பரிசு வாங்கினா. வளர்ந்த பிறகு, அண்ணன் கோல்பிக்குக் கொடுத்திருந்த நிலத்தைக் கேட்டு கவர்னருக்கு மனு போட்டா. அவ வழி வந்த குடும்பங்கள் இன்னைக்கும் மேற்கு சிட்னியில இருக்கு. நீங்க தேடுற "தருக் மக்கள்" பெரும்பாலும் இவங்கதான்.

இப்ப உங்க ஆளுங்க கேள்விக்கு வருவோம். 1814ல நாம இங்க இல்லைங்கிறது வாஸ்தவம். ஆனா நாம எந்தத் தொழிலைச் செய்றோமோ அந்தத் தொழில் இந்த ஊர்ல பூர்வகுடிப் பிள்ளையைத் தாய்கிட்ட இருந்து பிரிச்சுத்தான் ஆரம்பிச்சது. அந்தத் தொழில்லதான் நாம சம்பளம் வாங்குறோம். அதனால அதைச் சரிசெய்ற வேலையும் நமக்கு உண்டு. யார் வம்சம் செஞ்சதுங்கிறது வேற கேள்வி.

அடுத்து, எப்படி ஆரம்பிக்கிறது. தயவுசெஞ்சு மே மாசம் முதல் வாரத்துல "எங்க சென்டருக்கு வந்து வெல்கம் டு கன்ட்ரி செய்ய முடியுமா"ன்னு ஈமெயில் அனுப்பாதீங்க. நிலத்துக்கு உரியவங்க வந்தவங்களை வரவேற்கிற சடங்கு அது. அந்த மாசம் ஒவ்வொரு எல்டருக்கும், அதாவது பூர்வகுடிச் சமூகம் மதிக்கிற பெரியவங்களுக்கு, ஊர்ல இருக்கிற பள்ளிக்கூடம், கவுன்சில், பேங்க் எல்லாத்துல இருந்தும் அழைப்பு வரும். கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது மட்டும் ஞாபகம் வர்ற சொந்தம் மாதிரி நாமளும் போய் நிக்கக் கூடாது. கேட்கிறதுக்கு முன்னாடி போய் உட்காரணும். ஜூலையில பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடுற நைடாக் வாரம் வரும்போது எல்லா ஊர்லயும் பொதுமக்களுக்குக் குடும்ப நிகழ்ச்சி இருக்கும். உங்க சென்டர் டீஷர்ட்டை வீட்ல வச்சுட்டு, உங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு சாதாரணமா போங்க. உள்ளூர் ஏஈசிஜி, அதாவது பூர்வகுடிக் கல்வி ஆலோசனைக் குழு கூட்டம் நடக்கும். பூர்வகுடி இல்லாதவங்களும் போகலாம். முன்கூட்டியே போன் பண்ணி வரலாமான்னு கேட்டுக்குங்க. உங்க பகுதிக்கு டீருபின் லோக்கல் அபோரிஜினல் லேண்ட் கவுன்சில்ங்கிற பூர்வகுடி நில மன்றமும் இருக்கு. முதல் சில தடவை போய்க் கேட்டுட்டு மட்டும் வாங்க. பேசச் சொன்னா யார், எந்த சென்டர், எதுக்கு வந்தோம்னு ரெண்டு வரி போதும்.

#3 ரௌஸ்ஹில்_அப்பா

நான் டீச்சர் இல்லை. ஒரு பெற்றோராக எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

என் மகளுக்கு நான்கு வயது. அவள் படிக்கும் சென்டரிலும் அந்த அக்னாலெட்ஜ்மென்ட் தினமும் உண்டு. வீட்டுக்கு வந்து கையை விரித்து விரித்துச் சொல்லிக் காட்டுவாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. பிள்ளையைப் பிரித்தது, கொன்றது, நிலத்தைப் பிடுங்கியது என்பதையெல்லாம் நான்கு வயதுக் குழந்தையிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? இரவில் தூங்குமா? இது முதல் விஷயம். இன்னொன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல பூர்வகுடிகளுக்கு ஒரு அமைப்பு வேண்டுமா என்று 2023 அக்டோபரில் வாய்ஸ் வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். நாடே இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஒரு விஷயத்தை பாலர் பள்ளிக்குள் கொண்டுவருவது சரியா? டீச்சர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#4 மெல்பர்ன்_கிண்டர்

ரௌஸ்ஹில் அண்ணா, நல்ல கேள்வி. மனசுல வச்சுக்கிட்டு பேசாம இருக்கிற பெற்றோர் நிறையப் பேர்.

முதல்ல ரெண்டாவதுக்குப் பதில் சொல்லிடறேன். வாக்கெடுப்பு நடந்தது அரசியலமைப்பைத் திருத்தலாமா வேண்டாமான்னு. பாலர் கல்விக்கு நாடு முழுக்க இருக்கிற பாடச்சட்டகம் 2009ல வந்தது. 2023ல திருத்தின பதிப்புல அபோரிஜினல் மற்றும் டோரஸ் ஸ்ட்ரெய்ட் தீவு மக்களோட பார்வைகளைத் தனி ஒரு கோட்பாடாவே சேர்த்திருக்காங்க. 2024ல இருந்து பழைய பதிப்பு செல்லாது. அதனால இது டீச்சரோட சொந்த அரசியல் இல்லை. விளையாட்டு வழியாக் கற்பிக்கிறது எப்படி எங்க வேலையோ, அதே மாதிரி இதுவும் எங்க வேலை.

முதல் கேள்விதான் முக்கியம். நாலு வயசுப் பிள்ளைகிட்ட நாங்க கொலையைப் பத்திப் பேசறது இல்லை. பேசவும் கூடாது. அந்த வயசுக்குப் புரியறது மூணு. இந்த இடத்துக்கு ஒரு பேர் உண்டு, இதைப் பார்த்துக்கிற மக்கள் உண்டு, அவங்க இப்பவும் நம்ம பக்கத்துலயே இருக்காங்க. இந்த "இப்பவும்"தான் பல சென்டர்ல விட்டுப்போறது. பழைய காலத்துப் படம், ஈட்டி, குகை ஓவியம்னு காட்டிக் காட்டி, பூர்வகுடிகள்னா டைனோசர் காலத்து ஆளுங்கன்னு பிள்ளை நினைச்சுக்குது. நர்ஸா, பஸ் டிரைவரா, தன்னை மாதிரியே லன்ச் பாக்ஸ் தூக்கிட்டு வர்ற பிள்ளையா இருக்கிற பூர்வகுடிகளைப் படத்துல பார்க்கணும், நேர்லயும் பார்க்கணும்.

எங்க கிண்டர் உருண்ட்ஜெரி மக்களோட மண்ணுல இருக்கு. தோட்டத்துல ஒரு பாத்தி முழுக்க முர்னோங் போட்டிருக்கோம். மஞ்சள் பூ. விரியறதுக்கு முன்னாடி மொட்டு தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கும், விரியறப்ப நிமிரும். பிள்ளைங்க தினமும் காலையில ஓடிப் போய் எது நிமிர்ந்திருக்குன்னு பார்ப்பாங்க. மண்ணுக்கடியில விரல் அளவு கிழங்கு. இந்தப் பக்கத்துப் பெண்கள் குச்சியால தோண்டி, கொஞ்சத்தை எடுத்துட்டு மிச்சத்தை மண்ணுலயே விட்டு வச்ச முக்கிய உணவு இது. 1835க்கு அப்புறம் ஆட்டு மந்தைகள் வந்து சில வருஷத்துலயே மேய்ஞ்சு தீர்த்துடுச்சு. இதைப் பிள்ளைங்ககிட்ட நாங்க இப்படித்தான் சொல்றோம்: "இங்க முந்தி நிறைய முர்னோங் இருந்துச்சு. வெளியில இருந்து வந்தவங்க கேட்காமலே ஆட்டை விட்டாங்க. சாப்பாடு போயிடுச்சு." உடனே ஒரு பொண்ணு, "ஏன் கேட்கல?"ன்னா. அந்தக் கேள்விக்கு மேல நான் எதையும் சேர்க்கல. பிள்ளைகளுக்கு நியாயம் அநியாயம் நம்மைவிட நல்லாவே தெரியும்.

அக்னாலெட்ஜ்மென்டை ஒப்பிக்கிறாங்கன்னு #1 சொன்னதுக்கு: எழுதி வச்சதைத் தூக்கிப் போடுங்க. பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போய் எதுக்கு நன்றி சொல்லணும்னு கேளுங்க. எங்க பிள்ளைங்க ஓடைக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ரெட் கம் மரத்துக்கும், மேக்பைக்கும் சொன்னாங்க. அதோட உருண்ட்ஜெரி மக்களோட பேரையும் சேர்த்து அவங்களே வாக்கியம் ஆக்கினாங்க. மழை பெய்ஞ்ச நாள்ல மழையும் உள்ள வரும்.

#5 யாழ்_பூவரசு

எல்லாரும் எழுதினதை வாசிச்சன். நான் வீட்டிலையே ஃபமிலி டே கேர் நடத்திறன், அதுக்கு முந்தி சென்டருகளில வேலை செய்தனான்.

பென்டில்ஹில் தங்கச்சி, "எங்கட ரூமில பூர்வகுடிக் குடும்பம் ஒண்டும் இல்லை" எண்டு எழுதியிருக்கிறீங்கள். எப்பிடித் தெரியும்? சேர்க்கிற படிவத்தில பூர்வகுடியோ எண்டு கேட்கிற பெட்டியில டிக் போடேல்லை, அதாலதானே? அந்தப் பெட்டியை ஏன் சனம் வெறுமையா விடுகினம் எண்டு யோசியுங்கோ. 1910க்கும் 1970க்கும் இடையில பத்துப் பிள்ளையில ஒண்டு தொடக்கம் மூண்டு பிள்ளையில ஒண்டு வரைக்கும் அரசாங்கமும் மிஷன்களும் தாய் தகப்பனிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டு போனதெண்டு 1997இல வந்த 'பிரிங்கிங் தெம் ஹோம்' விசாரணை அறிக்கை சொல்லுது. இண்டைக்கும் பூர்வகுடிப் பிள்ளையள் மற்றப் பிள்ளையளை விடப் பலமடங்கு கூடுதலா வெளிப் பராமரிப்பில, அதாவது தாய் தகப்பனிட்ட இல்லாமல், இருக்கினம். 2031க்குள்ள அந்த விகிதத்தை 45 வீதம் குறைக்கிறது எண்டு அரசாங்கமே இலக்கு வைக்கிற அளவுக்கு நிலைமை. அந்தத் தாய்க்கு நீங்கள் ஒரு அன்பான ரீச்சராத் தெரியமாட்டீங்கள். சந்தேகம் வந்தால் அறிவிக்கக் கடமைப்பட்ட ஆளாத்தான் தெரிவீங்கள். பிள்ளையின்ர காலில ஒரு காயம் இருந்தால் நீங்கள் என்ன எழுதுவீங்கள் எண்ட பயத்திலதான் வாசலில நிப்பா. நான் முந்தி வேலை செய்த ஒரு சென்டரில ஒரு அம்மா, பிள்ளை விட்டுப் போற கடைசி மாசத்திலதான், தான் விராட்ஜுரி எண்ட பூர்வகுடி இனம் எண்டு சொன்னவ. அதுவரைக்கும் அங்க ஒருத்தருக்கும் தெரியாது.

அதால நான் சொல்லுறது, எல்டரைத் தேடிப் போக முன்னம் உங்கட வாசலைப் பாருங்கோ. பிந்தி வாற அம்மாவை எந்த முகத்தோட பாக்கிறீங்கள்? சாப்பாட்டுப் பெட்டியைப் பாத்து ஏதும் சொல்லுறனீங்களோ? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக மாமியோ பேத்தியாரோ ஒண்டுவிட்ட அக்காவோ வந்தால், "நீங்கள் யார்?" எண்டு கேட்கிற குரல் எப்பிடி இருக்கு? எங்கட ஆக்களிலயும் பிள்ளையை வளக்கிறது தாய் தகப்பன் மட்டும் இல்லைத்தானே. அவையளுக்கும் அப்பிடித்தான்.

இன்னொண்டு. எங்கட ஊரில 2010இல கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு எண்டு ஒண்டு வந்தது. அறிக்கையும் வந்தது. 2017 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் றோட்டோரம் இருந்து, பிள்ளை எங்க எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம். உண்மையைச் சொல்லாமல் சேர்ந்து வாழுவம் எண்டு சொன்னால் அது எப்பிடி இருக்கும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொழைக்க வந்தனாங்கள், எங்களுக்கென்ன எண்டு தமிழ் ஆக்கள் சொல்லேக்க எனக்கு மனம் நோகுது.

#6 பென்டில்ஹில்_ப்ரீஸ்கூல்

பூவரசு அக்கா, நீங்க எழுதினதை இன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல மொழிபெயர்த்துச் சொன்னேன். சேர்க்கைப் படிவத்துல அந்தக் கேள்விக்குக் கீழ, அதை எதுக்குக் கேட்கிறோம், யார் பார்ப்பாங்கன்னு ரெண்டு வரி சேர்க்கணும்னு டைரக்டரே சொன்னாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். புள்ளி வைக்கிற வேலையை நிறுத்தினா அதுக்குப் பதிலா கலையில என்ன செய்றது? பிள்ளைங்களுக்கு அது பிடிச்சிருக்கு, பெற்றோருக்கும் பிடிச்சிருக்கு. ரெண்டாவது, பணம். பட்ஜெட்ல இதுக்குன்னு எதுவும் ஒதுக்கல. எல்டரைக் கூப்பிட்டா எவ்வளவு கொடுக்கிறது, எப்படிக் கேட்கிறது? பிஸ்கட் பெட்டியும் தேங்க்யூ கார்டும் கொடுத்து அனுப்பினதாத்தான் பழைய ஃபைல்ல இருக்கு.

#7 டார்வின்_மழை

கலை பற்றி நான் சொல்கிறேன். டார்வினில், லராக்கியா மக்களின் நிலத்தில் இருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் பார்க்கும் அந்தப் புள்ளி ஓவியம் மேற்குப் பாலைவனத்திலிருந்து வந்தது. 1971இல் பாப்புன்யா என்ற ஊரில் பெரியவர்கள் பலகையிலும் பிறகு கேன்வாஸிலும் தீட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு கதை, அந்தக் கதையைச் சொல்ல உரிமை உள்ள குடும்பம் என்று கணக்கு இருக்கிறது. மேற்கு சிட்னியில் தருக் நிலத்தில் இருந்துகொண்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர்களின் வரைமுறையை அட்டையில் நகல் எடுக்கச் சொல்வதில் தருக் மக்களுக்கும் மரியாதை இல்லை, பாலைவன மக்களுக்கும் மரியாதை இல்லை. டிட்ஜரிடூவும் அப்படித்தான். அது இங்கே வடக்கே ஆர்னம் லேண்ட் பக்கத்துக் கருவி, அங்கே யிடாகி என்பார்கள். பல சமூகங்களில் பெண்கள் அதை ஊதுவதில்லை. உங்கள் பெட்டியில் ஒன்று கிடந்தால், எந்தப் பிள்ளை ஊதலாம் என்று கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை.

பதிலாக என்ன செய்யலாம் என்றால், ஒரு உண்மையான ஓவியத்தின் பிரதியைக் கலைஞருக்குப் பணம் போகும் இடத்தில் வாங்கி, பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள். யார் வரைந்தது, எந்த ஊர், எந்த மக்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். பார்த்துப் பேசட்டும், கேள்வி கேட்கட்டும். பிள்ளைகள் வரையும்போது தங்கள் கதையைத் தங்கள் விதத்தில் வரையட்டும். பின்னல் வேலை கற்றுக்கொடுக்க உள்ளூர் பூர்வகுடிப் பெண் ஒருவர் வர இசைந்தால், லோமண்ட்ரா புல்லை எடுத்து அவர் கைபிடித்துச் சொல்லித்தரட்டும். அவர் கற்றுத்தந்ததை அவர் அனுமதித்த அளவுக்குத் தொடருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் டோரஸ் ஸ்ட்ரெய்ட் தீவு மக்களைக் கொடியோடு நிறுத்திவிடுகிறார்கள். நல்லிணக்க வாரம் ஜூன் 3இல் முடிவதற்குக் காரணமே 1992இல் அந்த நாளில், பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்று வந்த மாபோ தீர்ப்புதான். டோரஸ் ஸ்ட்ரெய்ட்டில் உள்ள மேர் தீவுக்காரரான எடி கொய்கி மாபோவை நில வழக்குக்காக மட்டுமே நாம் அறிவோம். அவர் 1973இல் டவுன்ஸ்வில்லில் மற்றவர்களோடு சேர்ந்து பிளாக் கம்யூனிட்டி ஸ்கூல் என்று ஒரு பள்ளி தொடங்கினார். தங்கள் பிள்ளைகள் தங்கள் பண்பாட்டோடு படிக்க வேண்டும் என்று பெற்றோர்களே நடத்திய பள்ளி. பாலர் கல்வியில் இருக்கும் நம் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய வரலாறு.

#8 பிளாக்டவுன்_அக்கா

டார்வின் சொன்னதுல ஒரு எழுத்துகூட விடாம பிரிண்ட் எடுத்து ஒட்டுங்க.

பண விஷயம். இதுல எனக்குக் கோபம் உண்டு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். ஊர்ல ஒரு பிளம்பர் வந்தா காசு கொடுக்கிறோம். பிறந்தநாளுக்குச் சோப்புக் குமிழி ஊதுற ஆளுக்குக் காசு கொடுக்கிறோம். தலைமுறை தலைமுறையா வந்த அறிவைச் சுமந்துட்டு எழுபது வயசு ஆன்ட்டி ஒருத்தர் ரெண்டு பஸ் மாறி வர்றாங்க, அவங்களுக்கு பிஸ்கட் பெட்டி. இது கூடவே கூடாது. உங்க கட்டணம் என்னன்னு முதல் பேச்சுலயே கேளுங்க. கேட்கிறது அவமரியாதை இல்லை, கேட்காம விடுறதுதான் அவமரியாதை. பில் வந்த அன்னைக்கே பணம் அனுப்புங்க. நாப்பது நாள் ஆகும்னு ஹெட் ஆபீஸ் சொன்னா அதை முன்னாடியே மாத்த வைங்க. டாக்ஸி ஏற்பாடு பண்ணுங்க. வந்ததும் உட்கார நாற்காலி, டீ, பக்கத்துல ஒரு ஆள். ஆன்ட்டி, அங்கிள்னு கூப்பிடுறதைப் பத்தி நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம்ம வாய்ல தானா வரும். ஆனா அவங்க சமூகத்துல அது எல்லாருக்கும் வர்ற பட்டம் இல்லை, அப்படிக் கூப்பிடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

வெல்கம் டு கன்ட்ரி அந்த நிலத்துக்கு உரியவங்க மட்டும்தான் செய்யலாம். அக்னாலெட்ஜ்மென்ட் நாம யாரும் சொல்லலாம். இந்த வித்தியாசம் தெரியாம பேனர் அடிச்ச இடங்களும் உண்டு.

வரேன்னு சொன்னவங்க அன்னைக்குக் காலையில வரமுடியலன்னு சொல்லலாம். சாரி பிசினஸ், அதாவது துக்கம் வந்துட்டா மொத்த சமூகமும் அதுக்குப் போயிடும், வாரக்கணக்கா ஆகலாம். ஏன் வரலன்னு மறுநாள் ஈமெயில் போடாதீங்க. அதே மாதிரி, இறந்துட்டவங்க பேரையும் படத்தையும் காட்டுறதுல பல குடும்பங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. சுவர்ல பழைய போட்டோ ஒட்டியிருந்தா கேட்டுட்டு வைங்க.

பட்ஜெட் இல்லைன்னா இந்த வருஷம் யாரையும் கூப்பிடாதீங்க. அடுத்த நிதியாண்டுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லி டைரக்டர்கிட்ட எழுதிக் கொடுங்க. அதுவரைக்கும் செய்ய வேலை இருக்கு. ரீகன்சிலியேஷன் ஆஸ்திரேலியா நடத்துற நரகுன்னவாலி தளத்துல இலவசமாப் பதிவு பண்ணலாம். பிளான் எழுதறதுக்கான படிகள் எல்லாம் அங்கதான். வகுப்பறைக்குள்ள, பள்ளியைச் சுத்தி, சமூகத்தோடன்னு மூணா பிரிச்சு வச்சிருப்பாங்க. முதல் ரெண்டையும் சென்டர்கள் ஒரே மாசத்துல நிரப்பிடும். மூணாவது வருஷக்கணக்கா ஆகும், ஆகட்டும். அவசரத்துல ஆன்ட்டிகிட்ட கேட்காமலே அவங்க பேரைக் குழுவுல எழுதி வச்சு, சர்டிஃபிகேட் வாங்கி ஃபிரேம் போட்டு ரிசப்ஷன்ல மாட்டின இடம் எனக்குத் தெரியும்.

முக்கியமான ஒண்ணு: இந்தப் பழக்கம் உங்க ஒருத்தரோட போன்ல இருக்கக் கூடாது. நம்ம துறையில ஆள் மாறிட்டே இருப்பாங்க. நீங்க வேற சென்டருக்குப் போயிட்டா அந்த ஆன்ட்டி மறுபடி முதல்ல இருந்து யாரோ ஒரு புது ஆளுக்கு எல்லாத்தையும் சொல்லணும். கூடவே ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. என்ன பேசினோம், என்ன வாக்குக் கொடுத்தோம்னு சென்டர் புத்தகத்துல எழுதுங்க.

#9 ரௌஸ்ஹில்_அப்பா

மெல்பர்ன் தங்கை எழுதிய முர்னோங் விஷயத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். "ஏன் கேட்கல" என்று அந்தக் குழந்தை கேட்டது எங்கள் இருவருக்கும் மனதில் நிற்கிறது. அந்த அளவுக்கு, அந்த விதத்தில் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பெற்றோர்களிடம் இதை யாரும் விளக்குவதே இல்லை. ஆப்பில் புள்ளி வைத்த அட்டையின் படம் வருகிறது, கீழே நான்கு வரி பாடச்சட்டக மொழி. என்ன செய்கிறீர்கள், ஏன் செய்கிறீர்கள் என்று சேர்க்கும் நாளிலேயே எங்களிடம் பேசினால் பாதி எதிர்ப்பு இருக்காது. குறிப்பாக நம் ஆட்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிற நமக்கு, மொழி போய்விட்டால் என்ன போகும் என்று தெரியும். வெள்ளையர் வந்தபோது இந்த நாட்டில் 250 மொழிகளுக்கு மேல் இருந்தன என்பதும், பலவற்றைப் பேசினால் பள்ளியிலும் மிஷனிலும் தண்டித்தார்கள் என்பதும் எனக்கே இங்கு வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பெற்றோர் தரப்பிலிருந்து என்ன செய்ய முடியும் என்றும் யாராவது சொல்லுங்கள்.

#10 யாழ்_பூவரசு

அண்ணை, ஓகஸ்ட் 4 பூர்வகுடிப் பிள்ளையளுக்கான தேசிய நாள். ஸ்னெயிக் எண்ட அவையளின்ர அமைப்பு 1988 தொடக்கம் நடத்துது. துக்க நாள் இல்லை, பிள்ளையளைக் கொண்டாடுற நாள். அண்டைக்கு எங்க நிகழ்ச்சி நடக்குதெண்டு பாத்து மகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. சென்டர் செய்யட்டும் எண்டு காத்திருக்கத் தேவையில்லை.

மற்றது, பூர்வகுடிச் சமூகமே நடத்திற பாலர் நிலையங்கள் இருக்கு. அவையள் நிதி கேட்டுப் போராடேக்க ஒரு கையெழுத்தெண்டாலும் போடுங்கோ. எல்லாப் பிள்ளையும் எங்கட சென்டருக்கு வரவேணும் எண்டு நிக்கிறதை விட, அவையளின்ர பிள்ளை அவையளின்ர கையில வளர்றதுக்கு இடம் விடுறதும் உறவுதான்.

#11 மெல்பர்ன்_கிண்டர்

பூவரசு அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். எங்க கிண்டர்ல போன வருஷம் பூர்வகுடிப் பொண்ணு ஒருத்தி சர்டிஃபிகேட் த்ரீ டிரெய்னியா சேர்ந்தா. அவ வந்த முதல் வாரமே எல்லாரும் கலாசாரக் கேள்வி எல்லாத்தையும் அவகிட்ட கேட்க ஆரம்பிச்சாங்க. டைரக்டர் கூப்பிட்டு நிறுத்தினாங்க. "அவ டயப்பர் மாத்தவும், பிளே டோ செய்யவும், அப்சர்வேஷன் எழுதவும் கத்துக்க வந்திருக்கா. அதுக்குத்தான் சம்பளம்"னாங்க. அவளா விரும்பி ஒரு நாள் பாட்டி சொன்ன பாட்டைப் பிள்ளைங்களுக்குப் பாடினா. யாரும் கேட்டுப் பாடல. ஆள் எடுக்கிற சென்டர்கள் இதை மனசுல வச்சுக்கணும்.

#12 பென்டில்ஹில்_ப்ரீஸ்கூல்

எல்லாருக்கும் நன்றி. டைரக்டர்கிட்ட நேத்து உட்கார்ந்து பேசினேன். இந்த மே மாசம் அட்டை, பெயின்ட் கிடையாது. எல்டரையும் இப்ப கூப்பிடல. ஜூலைக்கு அப்புறம் பட்ஜெட்ல தனி வரி உண்டுன்னு எழுதியே வாங்கிட்டேன். படிவத்துல அந்த ரெண்டு வரியும் சேர்ந்தாச்சு. ஸ்டாஃப் மீட்டிங்ல அக்கா சொன்ன மரியா கதையைச் சொன்னேன். "வெள்ளைக்காரன் பதில் சொல்லட்டும்"னு சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தங்க அந்த ஓக்ஹர்ஸ்ட் இடத்தைப் போய்ப் பார்க்கலாமான்னு கேட்டாங்க. இன்னொருத்தங்க எதுவும் சொல்லல.

பிள்ளைங்களோட டூங்காபி க்ரீக் பக்கம் வாராவாரம் நடக்கப் போறோம், அனுமதி, ரிஸ்க் அசெஸ்மென்ட் எல்லாம் முடிஞ்சது. ரௌஸ்ஹில் அண்ணா சொன்ன மாதிரி பெற்றோருக்குத் தமிழ், பஞ்சாபி, நேபாளி மூணுலயும் ஒரு பக்கம் எழுதறோம். தமிழ்ல எழுதினதை இங்க போடறேன், திருத்திக் கொடுங்க.

அடுத்த ஏஈசிஜி கூட்டத்துக்கு போன் பண்ணிக் கேட்டேன், தாராளமா வாங்கன்னாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு. அந்தப் பக்கம் இருக்கிறவங்க யாராவது வர்றீங்களா? கார்ல ரெண்டு இடம் இருக்கு.

#13 பிளாக்டவுன்_அக்கா

நான் அங்கதான் இருப்பேன், நேரா வந்துடுங்க. அந்த ஓக்ஹர்ஸ்ட் போகலாமான்னு கேட்டவங்களை கார்ல ஏத்திட்டு வாங்க, ஒரு இடம் அவங்களுக்கு.